174 பெயர்களும் ஒரு பெயரும்: நேரலையாளரின் வருமானக் கணக்கு

(இணையவழிச் சந்திப்பில் ஆற்றிய உரையின் திருத்திய எழுத்து வடிவம்)

சிலருக்கு இது காலைக் காப்பி நேரம், சிலருக்குத் தூங்கப்போகும் நேரம். இருந்தும் இணைந்திருக்கிறீர்கள். நன்றி. தலைப்பைப் பார்த்துவிட்டு, இலக்கியக் கூட்டத்தில் கணக்குப் பாடமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கணக்குத்தான். ஆனால் முன்னூறு ஆண்டுப் பழைய கணக்கு.

இது தொடங்கியது என் வீட்டில். என் மகனுக்கு 16 வயது. அவன் அறையில் எந்நேரமும் ஒரு திரையில் யாரோ ஒருவர் விளையாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பார். நம் காலத்தில் கிரிக்கெட் வர்ணனை ஓடிய மாதிரி. ஒருநாள் திரையின் மூலையில் ஓர் எண் ஏறிக்கொண்டே இருந்தது.

"இது என்னடா?"

"சப் கவுண்ட் அப்பா. மாசாமாசம் காசு கட்டுறவங்க."

எண் 8,000. ஒருவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டேன். ஐந்து டாலர் என்றான். மனதுக்குள் பெருக்கினேன், மாதம் 40,000 டாலர். வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த தவறு. "அப்ப நான் எதுக்குப்பா பிசிக்ஸ் படிக்கணும்?" என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பெருக்கல் சரியா என்று தேடப் போனேன். தேடியது என்னைப் பதினெட்டாம் நூற்றாண்டு வரை கொண்டுபோய் விட்டது.

முதலில் இந்தக் காலத்துக் கதை. 2007இல் ஜஸ்டின் கான் என்ற அமெரிக்க இளைஞர் தொப்பியில் கேமராவை மாட்டிக்கொண்டு தன் அன்றாடத்தை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பினார். நண்பர்களுடன் சேர்ந்து அவர் தொடங்கிய தளம் ஜஸ்டின்.டிவி. அதில் விளையாட்டுப் பகுதிக்குக் கூட்டம் பெருகவே, 2011 ஜூனில் அது ட்விட்ச் என்ற தனித் தளமானது. 2014இல் அமேசான் அதை 97 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

ட்விட்சில் நெடுங்காலம் சந்தாவின் அடிப்படை விலை மாதம் 4.99 டாலர். 2024இல் அமெரிக்காவில் அது 5.99 ஆனது. வழக்கமான ஏற்பாட்டில் பாதி தளத்துக்கு, பாதி நேரலையாளருக்கு. பெரிய நட்சத்திரங்களுக்கு எழுபதுக்கு முப்பது என்று தனி ஒப்பந்தங்கள் இருந்தன.

சந்தா கட்டாதவரும் அதே நேரலையைத்தான் பார்க்கிறார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கட்டியவருக்குக் கிடைப்பது பெயர் பக்கத்தில் ஒரு சின்னச் சின்னம், சில பொம்மைப் படங்கள், விளம்பரத் தொல்லையிலிருந்து விடுதலை. நுழைவுச்சீட்டு வாங்குவதைவிட, கோயில் திருப்பணிக்கு நன்கொடை எழுதிக் கல்லில் பெயர் பார்ப்பதற்குத்தான் இது நெருக்கம்.

இந்தப் 'பெயர் பார்ப்பது' நம்மை லண்டனுக்குக் கூட்டிப்போகிறது.

1713இல் கவிஞர் அலெக்ஸாண்டர் போப், ஹோமரின் இலியட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப் போவதாக அறிவித்தார். அவர் கத்தோலிக்கர். அன்றைய இங்கிலாந்தில் கத்தோலிக்கருக்குப் பல்கலைக்கழகமும் கிடையாது, அரசுப் பதவியும் கிடையாது. எழுதித்தான் பிழைக்க வேண்டும். ஒரே பிரபுவின் தயவில் இருக்கவும் அவருக்கு மனமில்லை. அதனால் நூல் வெளிவரும் முன்பே சந்தா திரட்டினார். ஆறு தொகுதிகள், தொகுதிக்கு ஒரு கின்னி. சந்தா கட்டியவர்களின் பெயர்ப் பட்டியல் முதல் தொகுதியிலேயே அச்சாகும். தொகுதிகள் 1715 முதல் 1720 வரை வெளிவந்தன.

ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து சாமுவேல் ஜான்சன் கவிஞர்களின் வரலாற்றை எழுதும்போது போப்பின் வருமானத்தைக் கணக்கிடுகிறார். எப்படி? நான் மகனின் அறையில் செய்தது மாதிரியேதான். சந்தாதாரர் 575 பேர். அவர்கள் எடுத்த படிகள் 654. படிக்கு 6 கின்னி என்றால் 3,924 கின்னி. ஒரு கின்னிக்கு 21 ஷில்லிங். ஆக 4,120 பவுண்டு 4 ஷில்லிங். பதிப்பாளர் பெர்னார்ட் லிண்டட் தொகுதிக்கு 200 வீதம் தனியாகக் கொடுத்தார். மொத்தம் 5,320 பவுண்டு 4 ஷில்லிங். சந்தாதாரருக்கான படிகளை அச்சிடும் செலவும் லிண்டட்டுடையது என்பதால் கழிக்க வேண்டியது எதுவும் இல்லை என்கிறார் ஜான்சன். கடைசி 4 ஷில்லிங்கைக்கூட விடவில்லை பாருங்கள்.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதைப் பொதுவாக 5,000 பவுண்டு அளவில் வைக்கிறார்கள். ஆக, பெருக்கல் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அது சொல்லாமல் விட்டவை உண்டு.

ஒன்று, 575க்கும் 654க்கும் உள்ள இடைவெளி. சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட படிகளுக்குப் பணம் கட்டினார்கள். ஆட்களின் எண்ணிக்கையும் சந்தாக்களின் எண்ணிக்கையும் வேறுவேறு. இரண்டாவது, காலம். 5,000 பவுண்டு என்று கேட்டால் பெட்டி நிறையப் பணம் போலத் தோன்றும். அது பல ஆண்டு உழைப்புக்குத் தவணை தவணையாக வந்த பணம். மூன்றாவது, கூட உழைத்தவர்கள். அடுத்து வந்த ஒடிஸியின் 24 காண்டங்களில் 12ஐ மொழிபெயர்த்தவர்கள் புரூம், ஃபென்டன் என்ற இருவர். வாசகர்கள் போப்பின் பெயருக்காகப் பணம் கட்டினார்கள். உள்ளே பங்கு பிரிந்தது.

நான்காவது ஒன்றும் உண்டு. அதற்கு ஜான்சனே உதாரணம். ஷேக்ஸ்பியர் பதிப்புக்காக 1756இல் அவரும் சந்தா திரட்டினார். நூல் வந்தது 1765இல். ஏன் சந்தாதாரர் பட்டியலை அச்சிடவில்லை என்று கேட்டதற்கு, பெயர்களைத் தொலைத்துவிட்டேன், பணத்தைச் செலவழித்துவிட்டேன் என்று இரண்டு காரணம் சொன்னாராம். போப்பின் ஷில்லிங் வரை கணக்குப் பார்த்த அதே ஜான்சன்தான்! அடுத்தவர் வருமானம் என்றால் நமக்குக் கணக்கு நன்றாகவே வரும்.

புத்தகம் ஒருமுறை வாங்கினால் முடிந்தது. நேரலை அப்படி அல்ல, ஒவ்வொரு மாதமும் புதிதாகச் சேர்க்க வேண்டும். அதற்கு நெருக்கமான பழைய உதாரணம் மொஸார்ட்.

1781இல் சால்ஸ்பர்க் பேராயரின் வேலையை விட்டுவிட்டு வியன்னாவில் சொந்தக் காலில் நின்றவர் அவர். விட்ட வேலையின் சம்பளம் ஆண்டுக்கு 450 குல்டன். 1784 மார்ச்சில் டிராட்னர்ஹோஃப் என்ற கட்டடத்தில் மூன்று புதன்கிழமை மாலைகளுக்குச் சந்தாக் கச்சேரி வைத்தார். மூன்றுக்கும் சேர்த்து 6 குல்டன். மார்ச் 20ஆம் தேதி அப்பாவுக்கு எழுதிய கடிதத்தோடு சந்தாதாரர் பட்டியலையே அனுப்பிவைத்தார். 174 பெயர்கள். பிரபுக்கள், தூதர்கள், பெரும் செல்வந்தர்கள். போட்டிக் கச்சேரிக்காரர்கள் இருவருக்கும் சேர்த்தே தன்னைவிட 30 பேர் குறைவு என்று பெருமை வேறு. 28 வயதுப் பிள்ளை அப்பாவிடம் தன் எண்ணிக்கையைக் காட்டுகிறான். என் மகன் காட்டிய திரையின் மூலைதான் எனக்கு நினைவு வந்தது.

174ஐ ஆறால் பெருக்கினால் 1,044 குல்டன். மூன்றே மாலைகளில் பழைய வேலையின் இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்கு மேல். அதில் வாத்தியக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும், மண்டபத்துக்குக் கொடுக்க வேண்டும். கழித்த பிறகும் நல்ல தொகைதான் மிஞ்சியிருக்கும்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1789 ஜூலையில், நண்பர் புக்பெர்க்குக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கடன் கேட்டு எழுதும் கடிதம். மறுபடியும் சந்தாக் கச்சேரி வைக்கலாம் என்று பட்டியலைச் சுற்றுக்கு விட்டிருக்கிறார். பதினான்கு நாள் கழித்துப் பார்த்தால் பட்டியலில் ஒரே ஒரு பெயர். வான் ஸ்வீட்டன்.

174, பிறகு 1. மொஸார்ட்டின் இசை இறங்கிப்போகவில்லை. முந்தைய ஆண்டில்தான் தன் கடைசி மூன்று சிம்பொனிகளை எழுதியிருந்தார். ஆஸ்திரியா துருக்கியரோடு போரில் இறங்கியிருந்தது. பிரபுக்கள் பலர் வியன்னாவில் இல்லை, செலவழிக்கும் மனநிலையும் இல்லை. கேட்பவர்களின் வாழ்க்கை மாறினால் பாடுபவரின் வருமானம் மாறும். 1784ஆம் ஆண்டுப் பட்டியலை மட்டும் வைத்து மொஸார்ட்டின் ஆண்டு வருமானத்தைக் கணக்கிடுபவருக்கு இந்த ஜூலை தெரியாது.

நம் பக்கமும் இந்த முறை இருந்தது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுச் செலவுக்காகப் பலரை நாடி முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அந்த அலைச்சல் தெரியும். கையொப்பம் என்பது எவ்வளவு சரியான சொல்! சப்ஸ்கிரைப் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் அதேதான், கீழே எழுதுவது, கையெழுத்திடுவது. நான் உன் பக்கம் நிற்கிறேன் என்று ஒருவர் எழுதிக்கொடுப்பது. எண் அதற்குப் பிறகு வந்தது.

இப்போது மறுபடியும் நம் காலத்துக்கு வருவோம்.

2018 மார்ச் 14. நிஞ்சா என்ற பெயரில் விளையாடும் டைலர் பிளெவின்ஸ், ராப் பாடகர் டிரேக்குடன் சேர்ந்து ஃபோர்ட்நைட் விளையாடினார். ஒரே நேரத்தில் 6 லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். அந்த நாட்களில் அவருடைய சந்தாதாரர் எண்ணிக்கை 1,60,000 அளவில் இருந்தது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் பெருக்கத் தொடங்கின. 4.99 டாலர் வீதம் முழுத்தொகை ஏறக்குறைய 7,98,000 டாலர். பாதி என்றால் 3,99,000. எழுபது சதவீதம் என்றால் 5,59,000. சில நாள் கழித்துத் தொலைக்காட்சிப் பேட்டியில் மாதம் 5 லட்சம் டாலருக்கு மேல் வருவதை அவரே ஒப்புக்கொண்டார். வருமானத்தில் விளம்பரம் போன்ற பிறவும் சேரும் என்றாலும், எழுபது சதவீதக் கணக்கு உண்மைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

ஆனால் அதே ஆண்டு ஜூனில் அவர் ஒரு புலம்பலை வெளியிட்டார். 48 மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் நேரலையை விட்டு விலகியிருந்தாராம். அதற்குள் 40,000 சந்தாக்கள் போய்விட்டன என்றார்.

இரண்டு நாளில் நாற்பதாயிரம் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்களா? இங்கேதான் சந்தாவின் உள்வகைகள் வருகின்றன. அமேசான் பிரைம் வைத்திருப்பவர்களுக்கு மாதம் ஒரு ட்விட்ச் சந்தா இலவசம். யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் அது தானாகப் புதுப்பிக்கப்படாது, ஒவ்வொரு மாதமும் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். 2018 பிப்ரவரி கடைசியில் ஃபோர்ட்நைட் ஆட்டக்காரர்களுக்குப் பிரைம் வழியாக இலவசப் பொருட்கள் தந்தார்கள். அதற்காகப் பிரைமை இணைத்த பலர், கையிலிருந்த இலவசச் சந்தாவைக் கண்முன் இருந்த பெரிய பெயருக்குக் கொடுத்தார்கள். ஆள் நேரலையில் இல்லாத நாளில் தவணை முடிந்தால் பொத்தானை அழுத்துபவர் யார்?

இன்னொரு வகை பரிசுச் சந்தா. ஒருவர் தன் பணத்தில் ஐந்து பேருக்கோ நூறு பேருக்கோ சந்தா வாங்கிக் கொடுக்கலாம். போப்பின் பட்டியலில் ஒரே ஆள் பல படிகளுக்குப் பணம் கட்டியது போல. திரையில் நூறு என்று ஏறும், பின்னால் இருப்பது ஒரு பணப்பை. அடுத்த மாதம் அந்த ஒருவர் வராவிட்டால் நூறும் இறங்கும்.

2021 மார்ச் 14 அன்று லுட்விக் ஆக்ரன் என்பவர் ஒரு விளையாட்டைத் தொடங்கினார். புதுச் சந்தா வந்தால் கடிகாரத்தில் சில வினாடிகள் கூடும். கடிகாரம் பூச்சியத்தைத் தொடும்வரை நேரலை நிற்காது. ஓரிரு நாளில் முடியும் என்றுதான் நினைத்தார்கள். 31 நாள் ஓடியது. அவர் தூங்குவதையும் மக்கள் பார்த்தார்கள். 2,80,000 சந்தாவைத் தாண்டி நிஞ்சாவின் சாதனையை முறியடித்தார். எல்லோரும் ஐந்தால் பெருக்கி 14 லட்சம் டாலர் என்றார்கள். பிறகு அவரே ஒரு காணொளியில் கணக்கை விரித்துக் காட்டினார். தளத்தின் பங்கு, தொண்டு நிறுவனங்களுக்குத் தருவதாகச் சொன்ன தொகை, அரட்டையைக் கவனித்துக்கொண்ட நடுவர்களின் கூலி, வரி என்று ஒவ்வொன்றாகக் கழித்த பின் மிஞ்சியது அந்த மொத்தத்தில் ஒரு சிறு பகுதிதான்.

அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று இந்தக் கணிப்புகளுக்கெல்லாம் விடைத்தாள் கிடைத்த மாதிரி ஒன்று நடந்தது. ட்விட்சின் உள்தரவுகள் திருடப்பட்டு இணையத்தில் கொட்டப்பட்டன. அதில் 2019 ஆகஸ்ட் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற விவரமும் இருந்தது. 80க்கும் மேற்பட்டோர் 10 லட்சம் டாலருக்கு மேல் பெற்றிருந்தார்கள். முதலிடத்தில் 96 லட்சம் டாலர்.

முதலிடம் யாருக்கு என்று பார்த்தால் அது தனி ஆளே இல்லை. கிரிட்டிகல் ரோல் என்ற குழு. குரல் நடிகர்கள் சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி விளையாடும் நிகழ்ச்சி. அது ஒரு நிறுவனம், பலருக்குச் சம்பளம் போக வேண்டும். பட்டியலில் ஒரு வரி, பின்னால் எத்தனையோ குடும்பங்கள். மறுபுறம், தளம் கொடுத்த பணம் மட்டும்தான் அந்தப் பட்டியலில் இருந்தது. ரசிகர்கள் நேராக அனுப்பும் நன்கொடையும் நிறுவனங்கள் தரும் விளம்பரப் பணமும் அதில் இல்லை. விடைத்தாளும் முழு விடையைச் சொல்லவில்லை.

எந்தச் சந்தா நம்பத் தகுந்தது என்பதை ட்விட்சே 2023இல் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு கொண்டுவந்த திட்டத்தில் எழுபது சதவீதப் பங்கு வேண்டுமென்றால், மூன்று மாதம் தொடர்ச்சியாக 350 சந்தா இருக்க வேண்டும் என்றது. அந்த 350இல் இலவசப் பிரைம் சந்தாவும் பரிசுச் சந்தாவும் சேராது. தன் பணத்தைத் தானே கட்டித் தொடர்ந்து இருப்பவர் மட்டுமே கணக்கு. அடுத்த ஆண்டே விதிகளை மாற்றினார்கள், அது வேறு கதை.

இனி என் 8,000க்கு வருகிறேன். 40,000 டாலர் என்றது பார்ப்பவர்கள் தரப்பிலிருந்து போன தொகை, அதுவும் எல்லோரும் முழு விலை கட்டினார்கள் என்று வைத்துக்கொண்டால். பாதிப் பங்கு என்றால் 20,000. அது இந்த மாதத்துக்கு. 8,000இல் 2,000 பரிசு, 2,000 பிரைம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அடுத்த மாதத்துக்குக் கொஞ்சம் நம்பிச் சொல்லக்கூடியது மீதி 4,000. அதில் அவர் பங்கு 10,000. அதிலிருந்து வரி, காணொளி வெட்டித் தருபவருக்குக் கூலி, காய்ச்சல் வந்தால் விடுப்பில்லாத வாழ்க்கை. விளம்பரமும் நன்கொடையும் இதற்கு மேல் வரலாம், அவை வெளியிலிருந்து தெரியாது. ஆக, மூலையில் ஓடும் எண்ணைப் பார்த்து ஒற்றைத் தொகை சொல்ல முடியாது. இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்றுதான் சொல்ல முடியும், அதுவும் அந்த ஒரு மாதத்துக்கு.

இதுவும் மேல்தட்டில் இருப்பவர்களின் கணக்கு. ட்விட்சில் சந்தா வாங்கும் தகுதி பெற, முப்பது நாளில் சராசரியாக மூன்று பேராவது பார்க்க வேண்டும் என்று நெடுநாள் விதி இருந்தது. மூன்றே மூன்று பேர்! அந்த நிலையில்தான் பெரும்பாலோர் இருக்கிறார்கள். 40 பேர் சந்தா கட்டினால் கைக்கு வருவது மாதம் 100 டாலர். நம் சிற்றிதழ் ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம்.

இதையெல்லாம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மகனிடம் சொன்னேன். போப், ஜான்சன் எல்லாம் அவனைத் தொடவில்லை. மொஸார்ட் கதைக்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

"அந்த ஒருத்தர் யாருப்பா?"

வான் ஸ்வீட்டன் வியன்னாவின் அரச நூலகத் தலைவர். பாக், ஹாண்டல் இருவரின் இசையையும் மொஸார்ட்டுக்கு நெருக்கமாக அறிமுகப்படுத்தியவர். ஞாயிறுதோறும் அவர் வீட்டில் கூடி வாசிப்பார்கள். மொஸார்ட் 1791 டிசம்பரில் இறந்தார். அதற்கு ஓராண்டு கழித்து, 1793 ஜனவரி 2 அன்று, மொஸார்ட் முடிக்காமல் விட்டுப் பிறர் நிறைவு செய்த ரெக்வியம் வியன்னாவில் இசைக்கப்பட்டது. வசூல் அவர் மனைவி கான்ஸ்டன்ஸாவுக்கும் பிள்ளைகளுக்கும் போனது. அதை ஏற்பாடு செய்தவர் வான் ஸ்வீட்டன்.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவரை எந்தக் கணக்குல சேர்ப்பே?" என்றான். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிசிக்ஸ் படிக்கிறானா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். வேறு கேள்விகள் இருந்தால் பேசலாம்.